போல்ட் இல்லாத பாறையில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாறையேற்றம் குறித்து, அதிலும் நிரந்தர போல்ட்டுகள் இல்லாத மரபுவழி ஏற்றம் குறித்து, அண்மையில் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, என் மகன் பள்ளி நாட்களிலிருந்தே பத்துமலையின் பின்புறம் உள்ள டாமாய் சுவரில் நண்பர்களோடு பாறையேறிப் பழகியவன். இப்போது இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் படிக்கிறான். அங்குள்ள பாறைகளில் போல்ட் எதுவும் இல்லை என்றும், தானே உலோகத் துண்டுகளைப் பிளவுகளில் செருகிக்கொண்டு ஏறுவதாகவும் சொல்கிறான். அவனுடைய அப்பா, "தைப்பூசத்துக்கு 272 படி ஏறியதோடு நிறுத்தியிருக்கலாம், இது தற்கொலை" என்கிறார். மகனோ, "டாமாயைவிடச் சிறிய பாறைதான் அம்மா" என்கிறான். நான் யாரை நம்புவது?
– வாசகி, செந்தூல்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. டாமாயில் பாறையைத் துளைத்துப் பொருத்திய போல்ட்டுகள் சிறு இடைவெளிகளில் வரிசையாக இருக்கும். ஏறுபவர் தம் கயிற்றை அவற்றில் மாட்டிக்கொண்டே போகிறார். எங்கே மாட்டுவது, அது தாங்குமா என்ற கேள்விகளைப் பாதையை அமைத்தவர் முன்பே தீர்த்துவைத்துவிட்டார். மரபுவழி ஏற்றத்தில், ஏறுபவர்களின் பேச்சு வழக்கில் 'டிராட்' ஏற்றத்தில், அந்தக் கேள்விகள் அனைத்தும் ஏறுபவரின் தலையில் விழுகின்றன. முன்னே செல்பவர் பிளவுகளைத் தேடி, பொருத்தமான அளவுள்ள நட்டையோ (ஆப்பு போன்ற உலோகத் துண்டு) கேமையோ (சுருள்வில்லால் விரியும் கருவி) இடுப்பிலிருந்து எடுத்துச் செருகி, கயிற்றை அதில் மாட்டி, மேலே போகிறார். பின்தொடர்பவர் அவற்றைக் கழற்றிக்கொண்டே வருகிறார். பாறையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

இனி உயரம். ஷெஃபீல்டுக்கு அருகிலுள்ள ஸ்டானேஜ் போன்ற பாறைகளில், கிரிட்ஸ்டோன் எனப்படும் சொரசொரப்பான மணற்பாறையில், பெரும்பாலான ஏற்றங்கள் 10 முதல் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். பத்துமலை முருகன் சிலையின் 42.7 மீட்டரில் பாதிகூட வராது. ஆகவே மகன் சொல்லும் அளவு சரி. ஆனால் பாறை சிறியது என்பதற்காக அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியாகச் செருகிய கருவி 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முன்னே ஏறுபவர் 10 மீட்டர் உயரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கை நழுவினால், கருவி வரை 5 மீட்டரும் அதற்குக் கீழே இன்னொரு 5 மீட்டரும் விழ வேண்டும். அதாவது கருவி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கீழே கயிறு பிடிப்பவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், அவர் தரையைத் தொட்டுவிடுவார். கயிற்றின் நீட்சியையும் தொய்வையும் சேர்த்தால் 10 மீட்டரை எட்டும் முன்பே அந்த நிலை வந்துவிடும். பத்து மீட்டர் விழுந்தவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உயரமான மலைச்சுவரில் நடுவழியில் 10 மீட்டர் விழுந்தவர் பல வேளைகளில் வெற்றுவெளியில் தொங்கிச் சிரித்துக்கொண்டிருப்பார். குட்டைப் பாறையில் அதே வீழ்ச்சி முதுகெலும்பை முறிக்கக்கூடும்.

இந்தக் கணக்கு எல்லாப் பாதைகளுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். நல்ல பிளவு அடியிலிருந்து உச்சி வரை ஓடும் பாதையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கருவியைச் செருகலாம். அங்கே விழுந்தால் போல்ட் பாதையில் விழுவதைவிடப் பெரிய வேறுபாடு இராது. பிளவே இல்லாத வழுவழுப்பான முகப்புகளிலும் செங்குத்தான விளிம்புகளிலும்தான் நிலைமை மாறுகிறது. அவற்றைத்தான் 'துணிச்சலான' பாதைகள் என்கிறார்கள்.

பிரிட்டிஷ் தரவரிசை இந்த வேறுபாட்டை ஏறும் முன்பே காட்டிக்கொடுக்கும். அதில் இரு பகுதிகள் உண்டு: ஒன்று பாதையின் மொத்தக் கடுமையையும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்கிறது, மற்றொன்று அதிலுள்ள மிகக் கடினமான ஓர் அசைவை மட்டும் அளக்கிறது. 'வி.எஸ்.' (வெரி சிவியர்) என்ற மொத்தத் தரத்தில் வழக்கமான அசைவு 4சி; அசைவின் எண் 4ஏ, 4பி, 4சி, 5ஏ என்று ஏறுவரிசையில் கடினமாகும். அதே தரத்தில் 5ஏ என்று எழுதியிருந்தால், அசைவு கடினம், ஆனால் பாதுகாப்பு நன்றாக இருக்கும் என்று பொதுவாகக் கொள்ளலாம். 4ஏ என்று எழுதியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். அசைவு எளிது, ஆயினும் மொத்தத் தரம் குறையவில்லை என்றால், விழக்கூடாத இடம் எங்கோ இருக்கிறது என்று பொருள். ஆகவே மகனிடம் "எவ்வளவு கஷ்டமான பாதை?" என்று கேட்காதீர்கள், கஷ்டத்தைப் பற்றி அவன் பெருமையாகத்தான் பேசுவான். "எந்த இடத்தில் விழக்கூடாது, அந்த இடத்தில் உன்னால் திரும்பி இறங்க முடியுமா?" என்று கேளுங்கள். உடனே தெளிவாகப் பதில் வந்தால் ஓரளவு நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: நான் தொழிற்சாலைப் பராமரிப்புப் பொறியாளர். விரல் அளவுள்ள உலோகத் துண்டு, விழும் மனிதரை எப்படித் தாங்கும்? அது எந்த நிலையில் தோற்கும்?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: நட் என்பது கம்பி கோத்த ஓர் ஆப்பு. மேலே அகன்று கீழே குறுகும் பிளவில் அதை வைத்தால், கீழ்நோக்கிய இழுவை அதை மேலும் இறுக்கும். அதன் முன்னோடிகள் உங்கள் தொழிலுக்கு நெருக்கமானவை. 1950களில் வேல்ஸில் உள்ள கிளாக்வின் டூர் ஆர்டூ என்ற பெரும்பாறைக்கு ஸ்னோடன் மலை ரயில் பாதையோரமாக நடந்து சென்றவர்கள், அங்கே கிடந்த இயந்திர நட்டுகளைப் பொறுக்கி, உள்மரையை அராவிவிட்டு, கயிறு கோத்துப் பிளவுகளில் செருகினார்கள். பிற்பாடு அதற்கென்றே வார்த்தெடுத்தவை சந்தைக்கு வந்தாலும் பெயர் மாறவில்லை.

இரு பக்கமும் இணையாக ஓடும் பிளவில் ஆப்பு நிற்காது. அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ரே ஜார்டின் என்ற அமெரிக்கர். அவர் 1970களில் உருவாக்கிய, 1978 முதல் 'ஃபிரெண்ட்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கேம் கருவியில், சுருள்வில்லால் விரியும் வளைந்த தகடுகள் பிளவின் இரு சுவர்களையும் அழுத்துகின்றன. தகட்டின் வளைவு மடக்கைச் சுருளாக இருப்பதால், தகடு எவ்வளவு விரிந்திருந்தாலும் அது சுவரைத் தொடும் கோணம் மாறுவதில்லை. அந்தக் கோணம் ஏறத்தாழ 14 பாகையாக இருக்கும்போது, கீழே இழுக்கும் விசையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விசை ஒவ்வொரு சுவரையும் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. உராய்வு அதனால்தான் கிடைக்கிறது. அதே காரணத்தால், பிளவின் ஒரு பக்கம் தனித்து நிற்கும் மெல்லிய பாறைத் தகடாக இருந்தால், கேமே அதைப் பெயர்த்துவிடக்கூடும். ஈரமும் களிமண்ணும் படிந்த சுண்ணாம்புப் பாறையில் உராய்வு குறைந்து வழுக்கி வருவதும் உண்டு.

விசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கயிறு நீளும் தன்மையுள்ள நைலானால் ஆனது. ஒற்றைக் கயிற்றுக்கான தரக்கட்டுப்பாட்டின்படி, 80 கிலோ எடையைக் கடுமையாக விழவிட்டுச் செய்யும் முதல் சோதனையில் கூட உச்ச விசை 12 கிலோநியூட்டனைத் (ஏறத்தாழ 1,200 கிலோ எடைக்கு இணை) தாண்டக் கூடாது. பாறையில் நிகழும் வீழ்ச்சிகள் பெரும்பாலும் அதைவிட மென்மையானவை. ஆனால் ஏறுபவரின் பக்கமும் கயிறு பிடிப்பவரின் பக்கமும் சேர்ந்து மேற்கருவியை இழுப்பதால், ஏறுபவர் உணரும் விசையைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு அந்தக் கருவியின் மேல் விழுகிறது. அவர் 5 கிலோநியூட்டனை உணர்ந்தால் கருவி 8 ஐச் சுமக்கிறது. பெரிய நட்டுகளுக்கு இது பொருட்டல்ல. நகக்கண் அளவுள்ள சிறு பித்தளை நட்டுகள் சில 4, 5 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவையே அல்ல. துணிச்சலான பாதைகளில் பல இடங்களில் பாறை அனுமதிப்பது அவற்றை மட்டுமே.

உலோகம் அறுவதைவிடச் செருகியது தவறாக இருப்பதே அடிக்கடி நடக்கும் தோல்வி. கயிறு பக்கவாட்டில் இழுத்து நட்டை மேலே தூக்கிவிடுகிறது, அல்லது கேம் ஏறுபவரின் அசைவோடு சேர்ந்து ஆடி ஆடிப் பிளவின் அகன்ற பகுதிக்குப் போய்விடுகிறது. உங்கள் தொழிலில் கருவியை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தாமல் ஓட்ட மாட்டீர்கள். இவர்கள் பெரும்பாலும் சோதிக்காததை நம்பித்தான் மேலே போகிறார்கள்.

கேள்வி: கயிறே இல்லாமல் பெரிய மலைச்சுவரில் ஏறிய அமெரிக்கர் செய்ததும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: இல்லை. அலெக்ஸ் ஹொனால்ட் 2017 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள எல் காபிடான் சுவரின் 'ஃப்ரீரைடர்' பாதையில் கயிறின்றி ஏறினார். அங்கே எந்த இடத்தில் நழுவினாலும், தரையை ஒட்டிய சில மீட்டர்களைத் தவிர, முடிவு ஒன்றுதான். டிராட் ஏற்றத்தில் கயிறு, கருவி, துணைவர் மூன்றும் உண்டு. துணிச்சலான பாதையின் நடுவில், கடைசிக் கருவி வெகு கீழே தங்கிவிட்ட சில மீட்டர்களுக்கு மட்டும், கயிறு இருந்தும் இல்லாத நிலை வருகிறது.

கேள்வி: வாழ்க்கையில் இல்லாத ஆபத்தா? அதைத் தேடிப் போய் வாங்கிக்கொள்வதில் என்ன இன்பம் இருக்க முடியும்? இது இளமைத் திமிர் என்றே எனக்குப் படுகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: திமிர் முற்றிலும் இல்லை என்று வாதாட மாட்டேன். பாதைக்குப் பெயர் வைக்கும் உரிமை முதலில் ஏறியவருக்கே உரியது என்ற வழக்கம் இருக்கும்வரை, புகழாசையும் இந்த விளையாட்டில் இருக்கும். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், யாரும் பார்க்காத மழைநாட்டு மலைமுகடுகளில் நடுத்தர வயதினர் வாரந்தோறும் ஏன் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை விளக்க முடியாது.

எடுத்துக்காட்டாக, மேலே குறிப்பிட்ட கிளாக்வின் டூர் ஆர்டூவில் 'இண்டியன் ஃபேஸ்' என்ற பாதையை 1986 இல் ஜானி டாஸ் ஏறினார். அதற்கு ஈ9 6சி என்ற தரம் தரப்பட்டது; 'ஈ' என்பது வி.எஸ். தரத்துக்கும் மேலான கடுமையைக் குறிக்கும் வரிசை. உலகில் ஈ9 என்ற தரம் பெற்ற முதல் பாதையாக அது கருதப்படுகிறது. அதன் அசைவுகளைவிடக் கடினமானவற்றை இன்று உள்ளரங்கச் சுவர்களில் பதின்ம வயதினர் செய்கிறார்கள். ஆயினும் அடுத்தவர்கள், நிக் டிக்சனும் நீல் கிரெஷமும், அதை ஏறியது 1994 இல்தான். உடல் வலிமை உள்ளவர்கள் இடையில் இல்லாமலா போனார்கள்? மிகச் சிறிய நட்டுகளைத் தவிர வேறெதுவும் நிற்காத அந்தச் சரிந்த பாறையில், விழுந்தால் அவை தாங்காது என்று தெரிந்துகொண்டே, கால்நுனியை ஒரு சிறு மேட்டில் வைத்து அமைதியாக நிற்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

ஈர்ப்பும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. போல்ட் பாதையில் ஏறுபவர் தம் விரல்களின் வலிமையை அறிகிறார். டிராட் பாதையில் தம் தீர்ப்பின் தரத்தை அறிய முற்படுகிறார். இந்த நட் தாங்குமா, இன்னும் இரண்டு அடி ஏறினால் நல்ல பிளவு கிடைக்குமா, கிடைக்காவிட்டால் வந்த வழியே இறங்க என் கையில் வலு மிஞ்சியிருக்குமா என்ற கேள்விகளுக்கு அவர் வேறு யாரையும் கேட்காமல், ஒரு காலில் நின்றுகொண்டு, விடை சொல்ல வேண்டியிருக்கிறது. கடன், அலுவலகம், கைப்பேசி எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் மனத்தைவிட்டு அகன்றுவிடுகின்றன என்று ஏறுபவர்கள் பலரும் சொல்வதை நான் மிகைப்படுத்தலாக எண்ணவில்லை. மாணவரின் தாளைத் திருத்தியே வாழ்நாளைக் கழித்த தங்களுக்கு, தன் தாளைத் தானே அந்த நொடியில் திருத்திக்கொள்ள வேண்டிய நிலையின் கவர்ச்சி புரியாமல் போகாது.

ஆனால் தங்கள் ஐயத்துக்கு ஒரு வலுவான அடிப்படை இருக்கிறது. அதை ஏறுபவர்களே போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. போல்ட் பாதையில் பழகுபவர் வேண்டுமென்றே பலமுறை விழுந்து பார்க்கிறார். கயிறு எப்படிப் பிடிக்கிறது என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. துணிச்சலான டிராட் பாதையில் விழுந்து பார்த்துக் கற்க முடியாது. ஒருவர் விழாமல் உச்சியை அடைந்துவிட்டால், வழியில் செருகிய ஏழு கருவிகளில் எத்தனை உண்மையில் தாங்கியிருக்கும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவருடைய தீர்ப்பு சரியாக இருந்ததாலும் அவர் மேலே வந்திருக்கலாம்; தவறாக இருந்தும் அது சோதிக்கப்படாததாலும் வந்திருக்கலாம். இரண்டுக்கும் கிடைக்கும் மகிழ்ச்சி ஒன்றே. இப்படி ஆண்டுக்கணக்கில் அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று சேர்த்துவைத்தவர், ஒரு நாள் தாம் நினைத்திருந்ததைவிடப் பெரிய பாதைக்கு அடியில் போய் நிற்கிறார். புதியவர்களின் அச்சம் அவர்களை ஓரளவு காப்பாற்றிவிடுகிறது. நான் அதிகம் கவலைப்படுவது நாலைந்து ஆண்டுகள் எதுவும் நடக்காமல் ஏறியவர்களைப் பற்றித்தான்.

இதற்கு இருக்கும் மாற்று மருந்து பின்தொடர்பவர்தான். கருவிகளைக் கழற்றிக்கொண்டு வருபவருக்கு மட்டுமே அவற்றின் நிலை தெரியும். "நாலாவது நட்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது" என்று அவர் மேலே வந்து சொல்வது, முன்னே சென்றவர் பெறக்கூடிய நேர்மையான மதிப்பெண். அதைக் கேட்க விரும்பாதவரோடு ஏறக் கூடாது.

முன்னதாக மேலிருந்து கயிறு கட்டி அசைவுகளைப் பலமுறை பயின்றுவிட்டு, அதன்பின் கருவிகளோடு முன்னே செல்லும் முறையும் உண்டு. மிகக் கடுமையான பாதைகள் பெரும்பாலும் அப்படித்தான் ஏறப்படுகின்றன. கை நழுவும் வாய்ப்பை அது பெரிதும் குறைக்கிறது. நழுவினால் நேரக்கூடியதை மாற்றுவதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

கேள்வி: துளைக்கும் இயந்திரம் இருக்கும் காலத்தில், எல்லாப் பாறைகளிலும் போல்ட் அடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?
– வாசகர், கிள்ளான்

பதில்: ஏறுபவர்களிடையே இதைப்போல் சூடான சண்டை வேறில்லை. பிரிட்டனின் கிரிட்ஸ்டோன் பாறைகளில் போல்ட் கூடாது என்பது எழுதாச் சட்டம். ஜெர்மனியின் சாக்சனி மணற்பாறைகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது; அங்கே தூரத்துக்கு ஒன்றாக இருக்கும் இரும்பு வளையங்களைத் தவிர, உலோக நட்டும் கேமும் கூடாது, முடிச்சிட்ட துணிக்கயிறுகளையே பிளவில் திணிக்க வேண்டும். மென்மையான பாறையை உலோகம் சிதைக்கும் என்பது ஒரு காரணம். அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஆணிகளை அடித்தும் பிடுங்கியும் பிளவுகள் சிதைந்ததைக் கண்ட ஈவான் ஷுயினார்ட், தாமே ஆணி செய்து விற்றவராக இருந்தும், 1972 இல் தம் விற்பனைப் பட்டியலிலேயே நட்டுகளுக்கு மாறும்படி வலியுறுத்தினார்.

மற்றொரு காரணம், முதலில் ஏறியவர் எதிர்கொண்டதையே பின்வருபவரும் எதிர்கொள்ள வேண்டும் என்ற நியாய உணர்வு. அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் 40 ஆண்டுகளுக்கு முன் காட்டிய துணிச்சலைக் காப்பதற்காக ஒரு நல்ல பாறைச்சுவர் முழுவதையும் பெரும்பாலோருக்கு மூடிவைப்பது எல்லா இடத்திலும் சரி என்று சொல்ல மாட்டேன். பள்ளி மாணவர்கள் பயிலும் சுவரில் போல்ட் இருப்பதே முறை.

போல்ட் அடித்தால் ஆபத்து தீர்ந்தது என்பதும் சரியல்ல. தாய்லாந்தின் ரெய்லேயில் கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் பொருத்திய துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே உள்விரிசல் கண்டு முறிந்தன. அதனால்தான் அங்கே டைட்டானியத்துக்கு மாறினார்கள். வெளிப்பார்வைக்கு நல்லதாகத் தெரியும் போல்ட்டுக்குள் விரிசல் ஓடியிருக்கலாம் என்பதை நம் வெப்பமண்டலக் கடற்கரைகளில் ஏறுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: டாமாயில், போல்ட் பாதைகளுக்கான பிரெஞ்சு தரவரிசையில் 6பி பாதைகளை ஏறிவிடுகிறேன். இங்கிருந்துகொண்டே டிராட் ஏற்றம் கற்க முடியுமா? எங்கே தொடங்குவது?
– வாசகர், கெப்போங்

பதில்: பத்துமலையின் சுண்ணாம்புப் பாறை இதற்கு உகந்த ஆசான் அல்ல, பிளவுகள் நீரால் கரைந்து ஒழுங்கற்றிருக்கும், கேம்கள் எளிதில் வழுக்கும். ஆனால் தொடக்கப் பயிற்சிக்கு ஏறவே தேவையில்லை. தரையில் நின்றபடி கை எட்டும் பிளவுகளில் நட்டும் கேமும் செருகி, அவற்றில் நாடா மாட்டி, முதலில் மெல்லவும் பிறகு முழு எடையோடும் ஏறி நின்று பாருங்கள். தலைக்கவசத்தோடு செய்யுங்கள், பிடுங்கிக்கொண்டு வரும் கருவி முகத்தை நோக்கித்தான் வரும். எந்தக் கருவி நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பிறகு சோதித்து, எத்தனை முறை உங்கள் கணிப்பு பொய்த்தது என்பதைக் குறித்துவையுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியருக்கான பதிலில் சொன்ன குறையை ஆபத்தின்றி ஈடுசெய்ய இது நல்ல வழி.

அடுத்து, அனுபவமுள்ள ஒருவருக்குப் பின்தொடர்பவராக நிறையச் செல்லுங்கள். நீங்கள் முன்னே செல்லத் தொடங்கும்போது, 6பி என்ற எண்ணை மறந்துவிட்டு, உங்களுக்குச் சலிப்புத் தட்டும் அளவுக்கு எளிதான, பிளவு தொடர்ந்து ஓடும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கையால் தொங்கிக்கொண்டே மறு கையால் கருவியைத் தேடிச் செருகும் வேலை, 6பி ஏறுபவரையும் சில நிமிடங்களில் களைப்படையச் செய்யும். டெம்ப்ளர் பார்க் அருகிலுள்ள புக்கிட் தாக்குனில் பல கட்டங்களாக ஏறும் நீண்ட பாதைகள் உண்டு. போகும் முன் அனுமதி நிலவரத்தை உள்ளூர் ஏற்றக்காரர்களிடம் கேட்டறியுங்கள். பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிடும்படி விடியலிலேயே தொடங்குங்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் பாறையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் வீட்டாருக்கு முன்பே நீங்கள் படித்துவிடுவது நல்லது.

கருங்கல் பாறையில் உண்மையான டிராட் ஏற்றம் வேண்டுமென்றால், தியோமான் தீவின் குனோங் நெனெக் செமுக்குட் நம் நாட்டில் பெயர்பெற்ற இடம். ஆனால் காட்டைக் கடந்து அடிவாரத்தை அடைவதே கடினம். மீட்புக் குழு அங்கே வந்து சேர வெகுநேரம் ஆகும். சுவரோ சில நூறு மீட்டர் உயரம். ஆகவே முன்னே செல்வதில் தேர்ந்த ஒருவரோடு மட்டும் போங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது, ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கடல் கொந்தளித்துப் படகுப் போக்குவரத்தே குறைந்துவிடும் என்பதால், பயணத்தை மார்ச்சுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.